கடைசி இடம் குண்டு அண்ணனுக்கே

ஆகஸ்ட் வந்தால் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கைப் பார்க்கும் எங்கள் சின்னக் கூட்டத்தில் ஒரே சண்டைதான். எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் கடைசி இடம் யாருக்கு? ஒவ்வொரு அணிக்கும் 90 பேரோடு முகாம் தொடங்கும். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான ப்ரீசீசன் ஆட்டம் மூன்று முடிந்ததும் 53 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும். அதில் லைனுக்கு ஒன்பது, பத்து இடம் கிடைத்தால் பெரிது.

ப்ரீசீசனில் யாராவது இரண்டு சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறியும் முன்பே சாய்ப்பது) எடுத்துவிட்டால் போதும், "இவனை விடவே கூடாது" என்று நண்பர்கள் குதிக்கிறார்கள். நான்காவது குவார்ட்டரில், எதிரணியின் மூன்றாம் நிலை மாற்று ஆட்களுக்கு எதிராக எடுத்த சாக் அது! அவனைத் தடுத்தவனே மறுவாரம் வேலை தேடிக்கொண்டிருப்பான்.

என் ஓட்டு அந்த லைனின் நட்டநடுவில் நிற்கும் நோஸ் டேக்கிளுக்கு. 150 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு இரண்டு பேரின் அடியைத் தாங்கி, நின்ற இடத்தைவிட்டு நகராமல் இருப்பதுதான் அவர் வேலை. அவரை அடைக்க இருவர் போனால் பக்கத்தில் இருப்பவருக்கு வழி திறக்கும். புள்ளிவிவரத்தில் இது எங்கேயும் வராது.

2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தை, நினைத்துப் பாருங்கள். நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை. நான் காபியோடு உட்கார்ந்திருந்தேன். ஈகிள்ஸ் அணி ஒருமுறைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை, அதாவது பின்னால் நிற்பவர்களைக் கூடுதலாகப் பாயவிடவில்லை. முன்வரிசை நான்கு பேரை மட்டும் வைத்தே சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள், ஆட்டம் 40-22. அந்த லைனில் எல்லோரும் பயந்த ஆள் ஜேலன் கார்ட்டர். அன்று அவர் பெயரில் ஒரு சாக்கூட இல்லை! எதிரணியின் கண்ணெல்லாம் அவர்மேல் இருக்க, ஜாஷ் ஸ்வெட் இரண்டரை, மில்டன் வில்லியம்ஸ் இரண்டு என்று அள்ளினார்கள். வில்லியம்ஸ் அந்த சீசன் முழுக்க மாறி மாறி இறங்கியவர்தான். அடுத்த மாதமே பேட்ரியட்ஸ் அணி நான்கு வருடத்துக்கு 104 மில்லியன் டாலர் கொடுத்துக் கூட்டிப்போனது. இவ்வளவு கனமான உடம்புகளால் ஆட்டம் முழுக்க ஓட முடியாது. அதனால் மாற்று ஆளும் பாதி ஆட்டம் ஆடுபவர்தான்.

சரி, ஜான் ராண்டில் கதையை யாராவது கொண்டுவருவீர்கள், தெரியும். 1990-இல், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் சீண்டாதவர். எடை போதாது என்பதால் உடைக்குள் சங்கிலியை மறைத்துக்கொண்டு தராசில் ஏறியவர். கடைசியில் 137.5 சாக், ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அப்படி ஒருவன் கையைவிட்டுப் போகலாம்தான். இளம் ஆட்டக்காரரை நீக்கினால், நீக்கப்பட்டவரைக் கேட்டு வாங்கும் வெய்வர் முறையில் மற்ற 31 அணிகளில் எதுவும் தூக்கிக்கொள்ளலாம்; யாரும் எடுக்காவிட்டால்தான் ப்ராக்டிஸ் ஸ்குவாட் என்ற பயிற்சிக் குழுவுக்குத் திரும்ப அழைக்க முடியும்.

அந்த வயிற்றெரிச்சலை நான் தாங்கிக்கொள்வேன். டிசம்பர் குளிரில், எதிரணிக்கு மூன்றாவது டவுனில் (பத்து கஜம் கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஒரு கஜம் மட்டும் பாக்கி இருக்கும்போது, நடுவில் நிற்க ஆளில்லாமல் என் அணி தள்ளப்படுவதைத்தான் பார்க்க முடியாது.