டிரம்மைத் தொட்டுப் பார்

நேற்று டியூஷனில் பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், ஒளிவேகத்துக்குக் கிட்டப் போயிட்ட எலக்ட்ரானை எவ்வளவு தள்ளினாலும் வேகம் பெருசா ஏறாதுன்னா, நாம குடுத்த ஆற்றல் எங்க போகும்?"

பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டான். "நிறை கூடிடும்!"

எனக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. இருபது வருஷம் நானும் இதையே சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கோபத்தில் பாதி என் மேல்தான்.

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிற லோடு லாரியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். இறக்கம் இழுக்கிறது, டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார், முள் முப்பதைத் தாண்டவில்லை. அப்படியானால் ஆற்றல் காணாமல் போனதா? அடிவாரத்தில் ஓரங்கட்டிய லாரியின் அருகே போனால் லைனர் கருகிய நாற்றம் மூக்கில் ஏறும். பிரேக் டிரம்மைத் தொட்டால் கை வெந்துவிடும். கணக்கு அங்கே இருக்கிறது.

1964இல் பெர்டோசி என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெளியிட்ட சோதனையிலும் இதே கதைதான். எலக்ட்ரான்களின் வேகத்தை அளந்தார். அப்புறம் அவற்றை அலுமினியத் தட்டில் மோதவிட்டுச் சூட்டையும் அளந்தார். 1.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் வேகம், கணக்குப்படி, ஒளிவேகத்தில் 96.7 சதவீதம். ஆற்றலை மூன்று மடங்காக்கி 4.5 கொடுத்தாலும் 99.5தான். ஆனால் ஒரு எலக்ட்ரானுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், தட்டில் ஏறிய சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. லாரி வழியெல்லாம் சூடாக இறைத்ததை எலக்ட்ரான் கடைசிவரை சுமந்து வந்து ஒரே இடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விசை என்ன செய்தது? உந்தத்தை, அதாவது ஓடுகிற பொருளை நிறுத்த எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதன் அளவை, ஏற்றியது. வரம்பு வேகத்துக்குத்தான், உந்தத்துக்குக் கிடையாது. நியூட்டனே 1687இல் விசையை உந்த மாற்றத்தோடுதான் சேர்த்துச் சொன்னார். 'நிறை பெருக்கல் முடுக்கம்' என்று சுருக்கி மனப்பாடம் செய்யவைத்தது நாம்.

நிறை கூடுகிறது என்பவரிடம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒளிவேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் போகும் துகளைக் குறுக்கே தள்ளினால் 1.25 மடங்கு கனம்போல முரண்டு பிடிக்கும். போகிற திசையிலேயே தள்ளினால் 1.95 மடங்கு. சாய்வாகத் தள்ளினாலோ, முடுக்கம் தள்ளிய திசையை விட்டு விலகிப் போகும். ஒரு துகளுக்கு எத்தனை நிறை வைத்துக்கொள்வது? ஐன்ஸ்டீனே 1948இல் ஒரு கடிதத்தில், இந்தக் கூடும் நிறை என்ற பேச்சே வேண்டாம் என்ற பொருளில் எழுதினார்.

அவள் விடவில்லை. "அப்போ சூடான தட்டோட நிறை, சார்?"

கூடும். எந்தத் தராசிலும் தெரியாத அளவுக்கு, ஆனால் நிஜமாகவே கூடும். தொப்பூர் டிரம்முக்கும் அப்படித்தான்.

பக்கத்துப் பையன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள். இன்றைக்கு அவனோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.