ஆக்சியோவுக்கு செற் பூட்டப் போய் நான் பட்ட ஆக்கினை

உதை எங்கையாவது கொட்டாட்டி எனக்கு இண்டைக்கும் நித்திரை வராது.

என்ர கார் 2014 ரொயோட்டா ஆக்சியோ. ஜப்பானில இருந்து வந்த, றேடியோவும் திரையும் சேந்த செற்தான் உள்ளுக்க இருந்தது. கதைக்கிறது முழுக்க ஜப்பான் பாசை, றேடியோ 90க்கு மேல போகாது, அங்கத்தையான் எப்எம் 76இல தொடங்கிறது, எங்கட சனலுகள் கனக்க 90க்கு மேலதானே, அதுக்கெண்டு ஒரு சின்னப் பெட்டி பூட்டி வடிவாக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான், ஒரு குறையும் இல்லை. போன மாசம் பற்றறி மாத்தினன். மாத்தினதோட செற் படுத்திட்டுது. திரையில ஜப்பான் எழுத்தில ஒரு வசனம் வந்து நிக்குது, போனைப் பிடிச்சு மொழிபெயர்த்துப் பாத்தா றோட்டு மப் இருக்கிற எஸ்டி காட்டைப் போடட்டாம். அந்தக் காட் ஜப்பானிலயே துலைஞ்சிருக்கும், நான் எங்க போறது?

யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புப் பயணமும் வருகுது, 400 கிலோமீற்றருக்கு பிள்ளையள் ரெண்டும் சும்மா இருக்காதுகள், படம் ஓடுற செற் ஒண்டாப் பூட்டுவம் எண்டு ரவுணுக்கை இறங்கினன்.

நாலு கடை. நாலிலயும் ஒரே கேள்வி, "எத்தினை இஞ்சி அண்ணை?" எட, இஞ்சி வாங்கிறதெண்டா நான் திருநெல்வேலிச் சந்தைக்கெல்லே போயிருப்பன்! காருக்கு என்ன தேவை, பின்சீற்றில ஆர் இருக்கினம், றேடியோ கேக்கிறனியளோ, ஒருத்தன் கேக்கேல்லை. 9 இஞ்சி, 10 இஞ்சி, 2 ஜிபி, 4 ஜிபி, புல் எச்டி, 200 வாட்ஸ். மந்திரம் மாதிரிச் சொல்லுறாங்கள். கடைசிக் கடைப் பெடியன்தான் கொஞ்சம் மரியாதையாக் கதைச்சவன், அதில விழுந்துபோனன். 9 இஞ்சி, 4 ஜிபி றாம், 52 ஆயிரம். பிறேம் வேற காசு, பூட்டுக்கூலி வேற காசு. பழைய செற்றை என்ன செய்யிறது எண்டு கேக்க, "அது இனிக் குப்பை அண்ணை, விட்டிட்டுப் போங்கோ" எண்டான். விட்டிட்டு வந்தன் பாருங்கோ, விசரன்.

வீட்டை வந்து பெட்டியில இருந்த தாளை வாசிச்சால், திரை 1024க்கு 600. புல் எச்டி எண்டா 1920க்கு 1080, கணக்குப் போட்டுப் பாருங்கோ, மூண்டில ஒரு பங்கும் தேறாது. புல் எச்டி வீடியோவை "எடுக்கும்" எண்டதைத்தான் உவங்கள் புல் எச்டி செற் எண்டு விக்கிறாங்கள். மருமோன் வந்து ஏதோ ஒரு அப்பைப் போட்டுப் பாத்தான், செற்றிங்ஸில 4 ஜிபி எண்டு நிக்கிற றாம் உள்ளுக்க 2தான். அன்ட்ரொயிட் 13 எண்டது 10. எழுத்தை மட்டும் மாத்தி அடிச்சு வச்சிருக்கிறாங்கள்! அந்த 200 வாட்ஸ் கதையைக் கேளுங்கோ, செற்றுக்குப் பின்னால இருக்கிற பியூஸ் 10 அம்பியர். 12 வோல்ட்டை 10ஆலப் பெருக்கினா 120. மிச்ச 80 வாட்ஸ் எங்கயிருந்து வருமாம், நல்லூரான் குடுப்பாரோ?

சரி, பொருள்தான் புலுடா, பூட்டினதாவது ஒழுங்கோ எண்டா அது அதைவிடக் கேவலம். ரொயோட்டாவின்ர பின்கமராக்கள் கனக்க 6 வோல்ட்டிலதான் வேலை செய்யும், அதுக்கெண்டு வோல்ட்டைக் குறைக்கிற சின்னச் சாமான் ஒண்டு இருக்கு, பெரிய காசும் இல்லை. இவன் நேர 12ஐக் குடுத்துப்போட்டான். பத்து வருசமாப் பழுதாகாத கமரா பத்து நிமிசத்தில போச்சு. போன் எடுத்துக் கேட்டா "உங்கட கமரா முதலே பழுது அண்ணை". றேடியோ ஒரே இரைச்சல், ஏன் எண்டு பாத்தா அன்ரெனாவுக்குக் கரண்ட் குடுக்கிற நீல வயரைக் கொழுவேல்லை, இன்சுலேசன் ரேப் சுத்தி உள்ளுக்க தள்ளி விட்டிருக்கு. சொக்கெற் வாங்கிக் கொழுவாமல் ஒறிஜினல் வயரை வெட்டி முறுக்கித்தான் எல்லாம் பூட்டிக் கிடக்கு. வாறண்டி ஆறு மாசம், ஆனா வயர் வெட்டியிருந்தா வாறண்டி இல்லையாம்! வெட்டினது ஆரடா?

பயணம் அதைவிட நல்லம். காலமை அஞ்சரைக்கு வெளிக்கிட்டம். ஓடேக்க படம் தெரியாமல் இருக்கிறதுக்கு ஹாண்ட்பிறேக்கில ஒரு வயர் வரும், அதை இவன் கேக்காமலே காரின்ர இரும்புச் சட்டத்தோட சேத்து விட்டிருக்கிறான், இப்ப எனக்குப் பக்கத்தில படம் ஓடுது, கண் தன்ரபாட்டுக்கு அங்கதான் போகுது, கொடிகாமத்தடியில ஒரு மாட்டுக்கு அருந்தப்பு. மனிசி "இஞ்சாருங்கோ, உதை நிப்பாட்டுங்கோ முதல்" எண்டு கத்த, பின்னால இருந்து "அப்பா போடுங்கோ" எண்டு அதுகள் கத்த, ஆனையிறவு தாண்டித் தெற்கால திரும்பினதும் இடப்பக்கக் கண்ணாடியால வெய்யில் அடிச்சு திரையில ஒண்டுமே தெரியேல்லை, எங்கட மூஞ்சிதான் தெரியுது. பின்சீற்றில இருக்கிற பிள்ளைக்கு முன்னால திரை பூட்டி என்ன பிரியோசனம் எண்டு ஒருத்தனாவது எனக்குச் சொல்லியிருக்கலாம். சீற்றுக்குப் பின்னால கொழுவிற சின்னத் திரை ரெண்டு போதும். முறிகண்டியில தேங்காய் உடைச்சு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினதில இருந்து கொழும்பு மட்டும் ரெண்டும் தாயின்ர போனிலதான் படம் பாத்ததுகள்.

திரும்பி வந்து நேற்று, கேக்கிறதைக் கேட்டிட்டு வருவம் எண்டு கடைக்குப் போனன். பெடியன் சிரிச்சுக்கொண்டு "வாங்கோ அண்ணை" எண்டான். அவனுக்குப் பின்னால கண்ணாடி அலுமாரிக்குள்ள என்ர ஜப்பான் செற். இடக்கரையில என்ர சின்னவள் ஒட்டின பூ ஸ்ரிக்கர் உரிச்ச அடையாளம் அப்பிடியே கிடக்கு. ஓடிக்கொண்டிருக்கு. விலை 18 ஆயிரம்.

"தம்பி, உது குப்பை எண்டல்லே சொன்னனீர்?"

"அது எஸ்டி காட் போட்டுத் திறந்தாச்சு அண்ணை. வேணுமெண்டா உங்களுக்கு 15க்குத் தாறன்."