கேத்தரின் கன் தானே போய் ஒத்துக்கொண்டார்

"ரகசியம் காப்பேன்னு கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்துட்டு, அதை வெளியே விட்டா துரோகம்தானே?" இப்படிக் கேட்பவர்கள் கேத்தரின் கன்னைப் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூவில் சீன மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 2003 ஜனவரி 31 தேதியிட்டு அமெரிக்காவின் ஒட்டுக்கேட்பு அமைப்பான என்எஸ்ஏவிலிருந்து அங்கே ஒரு மின்னஞ்சல் வருகிறது. ஈராக் மீது போர் தொடுக்க ஐ.நா. பாதுகாப்பு சபையின் ஒப்புதல் வேண்டும். பிடிகொடுக்காத அங்கோலா, கேமரூன், சிலி, பல்கேரியா, கினி, பாகிஸ்தான் பிரதிநிதிகளை ஒட்டுக்கேட்க உதவுங்கள் என்கிறது அது. சின்ன நாடுகளின் ஓட்டை மடக்க அவர்கள் பேச்சைத் திருடுவது! நாட்டின் பாதுகாப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கேத்தரின் அதை பிரிண்ட் எடுத்து வெளியே கொண்டுவந்தார். ஒரு தோழி வழியாகக் கைமாறி, மார்ச் 2 அன்று 'அப்சர்வர்' முதல் பக்கத்தில் வந்தது. பத்திரிகையில் யாரோ அமெரிக்க எழுத்துக்கூட்டலை பிரிட்டிஷ் முறைக்குத் திருத்திவிட, போலிக் கடிதம் என்றே சிலர் கிளப்பிவிட்டார்கள். போரும் நிற்கவில்லை. அதே மாதம் 20ஆம் தேதி படையெடுப்பு தொடங்கிவிட்டது.

ஆனாலும் அவர் பேசியது குண்டு விழுவதற்கு முன்னால். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். எல்லாம் முடிந்து, ஓய்வூதியமும் வாங்கியபின் நினைவுக் குறிப்பில் உண்மை எழுதும் அதிகாரிகள் எத்தனை பேர்!

அலுவலகத்தில் விசாரணை ஆரம்பித்ததும், சில நாட்களில் தானே மேலதிகாரியிடம் போய் "நான்தான்" என்று ஒத்துக்கொண்டார். கைது, வேலை போனது, நவம்பரில் வழக்கு. துரோகி இப்படியா செய்வான்?

2004 பிப்ரவரி 25 அன்று லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில், சாட்சியம் எதையும் முன்வைக்கப் போவதில்லை என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. அரை மணி நேரத்துக்குள் விடுதலை. போர் சட்டப்படி சரியா என்று அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் கொடுத்த ஆலோசனையைக் காட்டுங்கள் என்று கேத்தரின் தரப்பு கேட்டிருந்தது. அதை நீதிமன்றத்தில் விரிக்க பயந்துதான் பின்வாங்கினார்கள் என்பது என் கருத்து.

அவர் மீது பாய்ந்த 1989ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று உளவுத்துறை ஊழியர் வாதாட அதில் இடமே இல்லை. அந்த இடத்தைச் சட்டத்தில் எழுதிவைக்காத வரை, அடுத்து அப்படியொரு மின்னஞ்சலைப் பார்ப்பவரிடம் "நீ ஏன் வாயைத் திறக்கவில்லை" என்று கேட்க எந்த நாடாளுமன்றத்துக்கும் யோக்கியதை கிடையாது.