மண்டபத்துக்கு வெளியே நடக்கும் இரண்டாவது பந்தி

நம் கல்யாண மண்டபங்களில் எப்போதும் இரண்டு பந்தி நடக்கும். உள்ளே வாழை இலை. வெளியே கார் நிறுத்துமிடத்தில், யாரோ ஒருவருடைய காரின் பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னொன்று. பிளாஸ்டிக் கப், ஐஸ் கட்டி, வறுத்த கடலை. மாப்பிள்ளையின் மாமா, பெண்ணின் சித்தப்பா எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். அத்தைமாருக்கும் தெரியும், ஐயருக்கும் தெரியும். யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

போன சனிக்கிழமை மாலை நானும் என் கூட்டாளிகளும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வைன் சுவைக்கப் போனோம். குடும்ப வாட்சப் குழுவில் அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் கொதித்தவர் மேற்படி பின்கதவுப் பந்தியின் நிரந்தர உறுப்பினர். "பொம்பளப் பிள்ளைங்க கையில கிளாஸா? எங்கம்மா போகுது நம்ம கலாச்சாரம்?" அங்கேயே பதில் எழுதினால் தீபாவளிக்கு அந்த வீட்டுப் படி ஏற முடியாது. அவர் முகநூலில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

படத்தில் இருந்தது அன்றைய நாளின் கடைசி ஒன்றரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் ஒரு முழுப் பகல் இருந்தது.

பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவர்கள் ஃபெரியில் வந்தார்கள். 2023-இல் வந்த புதிய ஃபெரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான் ஏறலாம், கார் ஏறாது. பழைய கார் ஃபெரி போனபோது எல்லாரும்தான் புலம்பினோம். ஆனால் இப்படி ஒரு நாளுக்கு அது வசதி: கார் அக்கரையிலேயே நின்றுவிடும், ராத்திரி யார் ஓட்டுவது என்ற பேச்சே எழாது.

லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுப் பசியாறினோம். எங்கள் கூட்டத்து டீச்சர் மட்டும் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குள் போய் வந்தார். 1833-இல் எழுந்த கோயில், அவர் வேண்டுதலும் ஏறக்குறைய அதே வயதுதான் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அப்புறம் தண்ணீர்மலை. மேலே முருகனைப் பார்க்க 513 படி. எங்கள் நர்ஸ் கூட்டாளி இரவு வேலை முடித்து வந்தும் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். மற்றவர்கள் 'காட்சி ரசிக்கிறோம்' என்று சொல்லி நின்று நின்று போனோம்.

மதியத்துக்கு நாசி கண்டார். இந்த விஷயத்தில் கடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கள் தமிழ் முஸ்லிம் கூட்டாளிக்கு மட்டும்தான், வேறு யாரும் வாய் திறக்க முடியாது. தோளில் காவுதடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியுமாகத் தெருத்தெருவாக விற்றவர்களின் சாப்பாடு அது. அந்தத் தடிக்குப் பெயர்தான் கண்டார். ஆட்டுக் குழம்பு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு என்று எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றி 'பாஞ்சிர்' கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு, வெயிலில் நடக்கத் தெம்பு ஏது? செண்டோல் குடித்துவிட்டு அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டோம். யார் அம்மாவுக்கு முழங்கால் வலி, யார் பையன் எந்தக் கல்லூரிக்கு மனு போட்டிருக்கிறான், யார் வீடு விற்றார்கள். அந்த நாளின் சாரம் அந்த இரண்டு மணி நேரம்தான். ஒரு சொட்டு மது இல்லாமல் அவ்வளவு சிரித்தோம்.

அந்தி நேர மக்ரிப் தொழுகைக்கு முன்னால் நாசி கண்டார் தலைவி கிளம்பிவிட்டாள். மாலை நிகழ்ச்சி அவளுக்கானது இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. கூட்டாளிகள் சேருவதே குடிக்கத்தான் என்று ஆகிவிட்டால், குடிக்காதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வட்டத்திலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். பகல் பெரிதாக, மாலை சிறிதாக இருந்தால்தான் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. மண்டபத்துக்கு வெளியே நடக்கும் பந்தியைப் பாருங்கள். அங்கே குடிக்காத ஆண் ஒருவன் ஐந்து நிமிஷம் நிற்க முடியுமா? "என்னடா, பொண்டாட்டிக்குப் பயமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, வைனுக்கு வருவோம். பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம். ஆளுக்கு ஐந்து வகை, ஒவ்வொன்றும் ஐம்பது மில்லி அளவில், லேசானதிலிருந்து கனமானது வரை வரிசையாக. விளக்கிச் சொன்ன சீனத் தம்பிக்கு வயது குறைவு, பொறுமை அதிகம். கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்று வாயில் நுழையாத பெயருடைய வெள்ளை வைனை ஊற்றினான். அவன் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் முகர்ந்து பார்த்து, "லைச்சி டின்னைத் தொறந்த மாதிரி இருக்கே" என்றாள். தம்பிக்கு ஒரே சந்தோஷம். லைச்சிப் பழத்துக்கு மணம் கொடுக்கும் அதே வேதிப்பொருள் இந்தத் திராட்சையிலும் இருக்கிறதாம். அடுத்து ஷிராஸ். அதில் மிளகு வாசம் வருகிறது என்றால் அது வெறும் வர்ணனை இல்லை. 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஷிராஸ் திராட்சையில் ரொட்டண்டோன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள், மிளகின் காரமணத்துக்கும் அதுதான் காரணம். வெள்ளைக்காரன் வந்த புதிதில் மிளகு பயிரிட்ட தீவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

உருப்படியாகத் தெரிந்துகொண்டதும் சில உண்டு. சிவப்பு வைனைத் தோலோடும் விதையோடும் புளிக்க வைக்கிறார்கள். அதனால்தான் அந்தத் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தை இன்னும் தூக்கிவிடும், சம்பால் சாப்பிட்ட வாயோடு சிவப்பு வைன் குடித்தால் நாக்கு எரியும். நம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் இனிப்புள்ள வெள்ளை வைன்தான் ஒத்துவரும். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடி என்பது ஐரோப்பியக் குளிருக்குச் சொன்னது. பதினாறு, பதினெட்டு டிகிரிதான் கணக்கு. பினாங்கில் அறை வெப்பமே முப்பது, அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். சீஸ் தட்டு வந்தது, ஆனால் டீச்சர் கைப்பையிலிருந்து எடுத்த முறுக்குதான் நுரை வைனுக்கு ஜோடி. சீனத் தம்பியே நாலு எடுத்தான்.

மேசையில் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சம். நர்ஸ் கூசவே இல்லை: "வெத்தல போட்ட பாட்டிங்களோட பேத்திங்க நம்ம. படிக்கம் என்ன புதுசா?"

எங்கள் மேசையில் ஒருத்திக்கு "இது குடி இல்லை, வைன்" என்று சொல்லும் பழக்கம். கூடவே, புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் கிடைத்த பழங்கால யவனர் வைன் சாடிகளைச் சாட்சிக்கு இழுப்பாள். இந்தப் பேச்சு எனக்கு ஒத்துக்கொள்ளாது. வைனில் பன்னிரண்டு முதல் பதினான்கு விழுக்காடு ஆல்கஹால். அன்று இறக்கிய கள்ளில் அதில் பாதிகூட இருப்பது அரிது. காரம் குறைந்த கள் கேவலம், காரம் கூடிய வைன் நாகரிகம் என்றால், நாம் அளப்பது மதுவை இல்லை, அதைக் குடிப்பவனின் சம்பளத்தை.

கள் என்றதும் பாட்டி நினைவு வராமல் இருக்காது. சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் தாத்தா நேராக வீடு வருவாரா, கள்ளுக்கடை வழியாக வருவாரா என்பதை வைத்துத்தான் அந்த மாதத்து அரிசிக் கணக்கு. மதுவென்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு வரும் பயம் சும்மா வந்ததில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில், சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலியும் பிள்ளைகளுக்குப் படிப்பும் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தன. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. குடிக்கிறவர்கள் இருந்த கூட்டமே கடையை மூடச் சொன்னது. அதனால் குடும்பத்தில் ஒரு பெரியம்மா "எனக்கு அந்த வாடையே ஆகாது" என்றால் நான் வாதாட மாட்டேன். அந்த வெறுப்பை அவர் சம்பாதித்திருக்கிறார்.

ஆனால் பின்கதவுப் பந்திக்காரர் அப்படிப் பேச முடியாது. அவருக்கு மதுவின் மேல் கோபமில்லை. வெளிச்சத்தில், பெண்கள் நடுவில், எவ்வளவு ஊற்றினார்கள் என்று எல்லாரும் பார்க்கும்படி குடிப்பதுதான் அவருக்கு உறுத்துகிறது. மறைவில் குடிக்கும்போது அளவு கேட்க ஆளில்லை, "போதும்ணே" என்று சொல்ல அண்ணி பக்கத்தில் இல்லை. முடிந்ததும் அதே காரின் பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவைத் திறந்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். 2020-இல் சட்டத்தைத் திருத்தி, ரத்தத்தில் இருக்கலாம் என்ற ஆல்கஹால் அளவை நூறு மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். எங்கள் ஐந்து சின்ன ஊற்றலைக் கூட்டினாலே ஏறக்குறைய இரண்டு கிளாஸ். என் உடல்வாகுக்கு அதற்கே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பின்கதவில் எத்தனை ஊற்றல் என்று யார் எண்ணியது?

பெண்கள் குடிக்கலாமா என்ற கேள்விக்கு நான் தனியாகப் பதில் சொல்லப் போவதில்லை. இந்த நாட்டில் முஸ்லிம் அல்லாதவர் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். எங்களில் எல்லாருக்கும் அது எப்போதோ தாண்டிவிட்டது, சிலருக்கு இரண்டு தடவை.

கடைசியாகப் பில் விஷயம், ஏனென்றால் நட்பு முறிவது பெரும்பாலும் அங்கேதான். குடிக்காதவர்களை வைன் கணக்கில் சேர்க்காதீர்கள். 'சமமாகப் பிரிப்போம்' என்று பெருந்தன்மையாகச் சொல்வது எப்போதும் அதிகம் குடித்தவர்தான். நாங்கள் வைன் தனி, தட்டு தனி என்று போட்டோம். டீச்சர் ஒரு சொட்டும் தொடவில்லை. அப்படியும் சீஸுக்கு என்று பத்து வெள்ளியை மேசையில் வைத்தார். அவர் சாப்பிட்டது பூராவும் அவர் கொண்டுவந்த முறுக்குதான் என்று நர்ஸ் கணக்குச் சொல்லி, பத்து வெள்ளியை அவர் கைப்பைக்குள்ளேயே திருப்பிப் போட்டாள்.