வாத்தியாருக்கு எதுக்கு அரசியல்?

ஒரு பேராசிரியர் பொது விஷயத்தில் வாயைத் திறந்தால் போதும், "பாடம் நடத்துற வேலையைப் பார்க்கட்டும், அரசியல் எதுக்கு?" என்று கிளம்பிவிடுகிறார்கள். இவர்களிடம் முனீர் சௌத்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்கா பல்கலைக்கழகப் பேராசிரியர், வங்க நாடக ஆசிரியர். 1925இல் பிறந்தவர்.

இன்றைய வங்கதேசம் அப்போது பாகிஸ்தானின் கிழக்குப் பகுதி. 1952 பிப்ரவரி 21 அன்று, வங்க மொழியையும் ஆட்சிமொழியாக்கக் கேட்டுத் திரண்ட மாணவர்களை டாக்காவில் போலீஸ் சுட்டது. அதைக் கண்டித்ததற்காக முனீர் சிறைக்குப் போனார். முதலாம் ஆண்டு நினைவு நெருங்கும்போது, சிறையில் இருந்த இடதுசாரிப் பத்திரிகையாளர் ரணேஷ் தாஸ்குப்தா ரகசியமாகச் சேதி அனுப்புகிறார். ஒரு நாடகம் வேண்டும், கைதிகளே நடிப்பார்கள், ராத்திரி விளக்கணைத்த பிறகு லாந்தர் வெளிச்சம்தான் கிடைக்கும். வேறு யாராவது என்றால் வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்று யோசித்திருப்பார்கள். முனீர் கதையையே கபர்ஸ்தானில், நடுராத்திரியில் வைத்துவிட்டார்! நாடகத்தின் பெயரும் 'கபர்'தான், அதாவது கல்லறை. சுடப்பட்டவர்களை விடிவதற்குள் புதைத்துவிடத் துடிக்கும் ஒரு தலைவர், அதுவும் நல்ல போதையில். கூடவே ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். பிணங்களோ எழுந்து நின்று குழிக்குள் போக மாட்டோம் என்கின்றன. 1953 பிப்ரவரி 21 இரவு, டாக்கா மத்திய சிறையிலேயே அரங்கேறியது.

நாடகத்தைவிட எனக்கு வியப்பு இன்னொன்று. ஏற்கெனவே ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்திருந்தவர், சிறையிலிருந்தபடியே வங்க மொழியிலும் எம்.ஏ. பரீட்சை எழுதி முதல் வகுப்பில் முதலாவதாக வந்தார். அப்புறம் ஹார்வர்டில் மொழியியல். 1965இல் வங்கத் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வடிவமைத்தார். 'முனீர் ஆப்டிமா' என்று அவர் பெயரிலேயே வந்தது. இது அரசியல் இல்லையா? மொழி ஆட்சிமொழியானால் ஆபீஸில் யாராவது அதில் கடிதம் அடிக்க வேண்டுமே! கோஷம் போட்டவர்களில் எத்தனை பேர் அதுவரை யோசித்திருப்பார்கள்? என் பார்வையில் அந்த விசைப்பலகையும் 'கபர்' போலவே போராட்டம்தான்.

குறை சொல்லவும் இடமுண்டு. பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் அயூப் கான் காலத்தில் அரசு கொடுத்த 'சிதாரா-இ-இம்தியாஸ்' விருதை அவர் வாங்கியே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. சரி, 1971 மார்ச்சில் பாகிஸ்தான் அரசுக்கு எதிராக ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது அதைத் துறந்தும் விட்டார். அதற்கு முன்பே, 1967இல், வானொலியில் தாகூர் பாடல்களுக்குத் தடை வந்தபோது எதிர்த்தவர்.

வங்கதேச விடுதலைப் போர் முடியும் தறுவாயில், 1971 டிசம்பர் 14 அன்று, பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைநின்ற அல்-பத்ர் படையின் ஆட்கள் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே நாட்களில் ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், மருத்துவர்கள் என்று பலரைத் தேடித் தேடிக் கொன்றார்கள். இரண்டே நாளில் பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சரணடைந்தது. அறிவாளிகள் கொலைக்காக 2013இல் வங்கதேசத்தில் ஒரு தீர்ப்பாயம் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. இருவருமே வெளிநாட்டில் இருந்தார்கள்.

நாடகக் குழு வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க: 'கபர்' ஓரங்க நாடகம்தான். பெரிய செட் வேண்டாம், லைட் வாடகையும் மிச்சம். யாராவது தமிழில் போடுங்களேன், முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்.