கடல் போட்டதும் நாம் போட்டதும்

தை பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் விடிகாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை நடந்துவிட்டு வருகிறேன். சென்னைக் குளிர் என்ன பெரிய குளிர், காதுக்கு ஒரு துண்டு போதும். ஆனால் இந்தக் கரைக்கு விருந்தாளிகள் வருவது இந்த மாதங்களில்தான்.

முகத்துவார மணல்திட்டில் கடற்காகங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. பழுப்புத்தலைக் கடற்காகம் என்று சொன்னேன். "தலை வெள்ளையாதானே இருக்கு, யாருப்பா பேரு வெச்சது?" என்றாள். நியாயமான கேள்வி. குளிர்காலத்தில் அந்தப் பழுப்பு போய், கண்ணுக்குப் பின்னால் மை வைத்தது மாதிரி ஒரு பொட்டுதான் மிஞ்சும். லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்கு முட்டையிடத் திரும்புமுன் தலை மறுபடி கறுத்துவிடும். பங்குனியில் வந்து பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

ஈர மணலில் உப்புக்கொத்திகள். நாலடி ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். புழு, பொடி நண்டு என்று தின்று அவை சேர்க்கும் கொழுப்புதான் ஊர் திரும்பும் பயணத்துக்குக் கட்டுச்சோறு. ஒரு பையன் ஸ்லோமோஷன் வீடியோவுக்காக அந்தக் கூட்டத்துக்கு நடுவே மூன்று முறை ஓடினான். மூன்று முறையும் அவை பறந்தன. சேர்த்த கொழுப்பு அப்படித்தான் கரைகிறது.

சரி, அவன் தெரியாமல் செய்கிறான். எனக்கு ஆதங்கம் மணல் சலிக்கும் வண்டிமேல்தான். பாட்டில் மூடி, உறிஞ்சுகுழாய் எல்லாவற்றையும் அள்ளட்டும், சந்தோஷம். ஆனால் சிப்பி, ஒதுங்கிய பாசி, செத்த சொறிமீன் எல்லாம் அதே குவியலில்தான் போய் விழுகின்றன. அந்தப் பாசிக்கு அடியில்தான் கடற்கரைப் பூச்சிகள் இருக்கும். பறவைகள் அதைக் கிளறித்தான் சாப்பிடும். வழித்துத் துடைத்த மணலில் அவற்றுக்கு என்ன இருக்கிறது? நாம் போட்டதை நாம் எடுப்போம், குனிந்து கையால் எடுப்போம். கடல் போட்டதில் நமக்கு என்ன வேலை? (கடற்கரையைச் சுத்தம் செய்யச் சொல்லி நாலு வருடம் முன்பு மனுவில் கையெழுத்துப் போட்டவன்தான் நானும். அன்றைக்கு எனக்கு எல்லாமே குப்பைதான்.)

மகள் ஒரு சிப்பியைக் காட்டினாள். மேல்பக்கம் துரப்பணம் போட்டது மாதிரி அச்சு வட்டமாக ஒரு துளை. "மாலை கோக்கலாம்பா!" கோக்கலாம். ஆனால் அந்தத் துளை ஒரு கொலைக்கான தடயம். மணலுக்குள் வாழும் வழவழப்பான ஒரு நத்தை, அமிலத்தால் சிப்பியின் மேலோட்டை இளக்கி, அரம் மாதிரியான நாக்கால் அராவி, உள்ளே இருந்த உயிரை உறிஞ்சிவிட்டுப் போயிருக்கிறது. அதைக் கேட்டதும் அவளுக்கு மாலை மறந்துவிட்டது. குனிந்து தேடித் தேடி இன்னும் ஆறு கண்டுபிடித்து, எண்ணிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள். அடுத்ததாகக் கண்ணில் பட்ட சங்கு, கையில் எடுப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே துறவி நண்டு. நாம் அலமாரிக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு சங்கும் இப்படி யாருக்கோ வீடாகியிருக்கும்.

திரும்பும் வழியில் அந்த ஆமை. பங்குனி ஆமை. கண் வீங்கி, கழுத்து உப்பிக் கிடந்தது. 2025 ஜனவரியில் இந்தக் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் இப்படிச் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். வலை சரிசெய்துகொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன். "அதுக்கும் நம்மள மாரிதான் சார், மேல வந்து மூச்சு வாங்கணும். இழுவலையில மாட்டுனா எங்க வர்றது?" என்றார். இழுவலை போடும் விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது சட்டம். அதைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே கடலைக் காட்டினார். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இரண்டு படகுகள்.

ஒரு முட்டைக்குழிக்கு நூறுக்குமேல் முட்டை இடும் ஆமை அது. 1988 முதல் மாணவர்கள் இந்தக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைத் தேடி எடுத்துக் காப்பாற்றுகிறார்கள். தாய் ஆமை கரைக்கே வந்து சேராவிட்டால் அவர்கள் எதைத் தேடுவார்கள்?

மகள் ரொம்ப நேரம் பேசவில்லை. டீ குடித்துவிட்டு அந்தப் பக்கமாகவே வந்தோம். அதற்குள் குழி தோண்டிப் புதைத்து, மணலைச் சமன் செய்திருந்தார்கள். சுத்தமாக இருந்தது. அதன்மேல் இரண்டு பேர் பூப்பந்து விளையாட வலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.