விடுதலை என்ற சொல்லை நாம் சொல்லவேண்டும்

மியன்மார் விஷயத்தில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் பொறுமை காக்கட்டும் என்கிறார் உங்கள் இதழில் எழுதிய கட்டுரையாளர். எத்தனை காலத்துக்கு? 2021 பிப்ரவரி 1ல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவம் அந்நாட்டுத் தலைவர் ஆங் சான் சூச்சியைப் பிடித்துவைத்தது. ஏப்ரலில் ஜகார்த்தாவில் மியன்மார் நெருக்கடி குறித்து ஆசியான் தலைவர்கள் கண்ட ஐந்து அம்ச இணக்கத்தில் ஓர் அம்சம்கூட அரசியல் கைதிகளின் விடுதலையைக் கேட்கவில்லை. அப்படிக் கோரிக்கை வந்ததாகத் அந்தக் கூட்டத்தின் தலைவர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த மென்மைக்குக் கிடைத்த பலன்? 2022 ஜூலையில் முன்னாள் எம்.பி. பியோ ஸெயா தோ உட்பட நால்வருக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள், அப்போது ஆசியானுக்குத் தலைமை வகித்த கம்போடியப் பிரதமர் ஹுன் சென் வேண்டாம் என்று கடிதம் எழுதிய பிறகும்! நெஞ்சு பதறுகிறது.

மியன்மாரின் பெரிய முதலீட்டாளர்களில் சிங்கப்பூரும் ஒன்று. நம் சொல்லுக்கு எடை உண்டு. 2027ல் ஆசியான் தலைமையும் நமக்கே. கைதிகளின் விடுதலையை ஆறாவது அம்சமாகச் சேர்க்க நம் வெளியுறவு அமைச்சு இப்போதே வலியுறுத்த வேண்டும்.